கம்பியிலா மின்னூட்டலும் இடம்பெயரும் அன்ரனாவும்

கம்பியின் துணையின்றி மின்னாற்றலைத் தொலைவிற் செலுத்தல் கூடும் என்னும் எண்ணம் பழையது. 1901 ஆம் ஆண்டில் நிக்கோலா தெஸ்லா நியூயோர்க்கின் அருகே இதன்பொருட்டுப் பெருங் கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. 1964 இல் வில்லியம் பிரௌண் நுண்ணலை தந்த ஆற்றலாற் சிறு ஹெலிகொப்டரொன்றைப் பறக்கச் செய்தார். 1975 இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் 30 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வலு பெறப்பட்டது.

இன்று அவ்வெண்ணம் வேறொரு தேவையை நாடி வந்துள்ளது. வெப்பம், ஈரம், புகை முதலியவற்றை அளந்து இணையவழி அறிவிக்கும் சிறு கருவிகள் வயல்களிலும் ஆலைகளிலும் பெருகி வருகின்றன. அவற்றின் மின்கலங்களை ஒவ்வொன்றாக மாற்றுதல் பெருஞ் செலவு. கழித்த மின்கலங்களோ மண்ணுக்குக் கேடு. வானொலி அலையே அவற்றுக்கு உணவாகுமாயின் இவ்விரு இடரும் நீங்கும்.

இதற்கு இடையூறு யாது? பரந்து செல்லும் அலையின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில், எத்திசையும் ஒப்பப் பரப்பும் அன்ரனா விடும் வலுவில், 10 மீற்றர் தொலைவிலுள்ள அத்தகைய மற்றோர் அன்ரனா பெறுவது ஏறக்குறையப் பத்திலட்சத்தில் ஒரு பங்கே. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இருவாயியும் மிகச் சிறு வலுவிற் செவ்வனே தொழிற்படாது. மேலும், சுவரிற் பட்டுத் தெறிக்கும் அலைகள் நேரலையுடன் கூடி ஓரிடத்தில் வலுத்தும் மற்றோரிடத்தில் அழிந்தும் நிற்கும்.

செலுத்தும் வலுவை மிகுத்தல் எளிய வழியெனத் தோன்றலாம். மனித உடலின் நலங் கருதி வகுத்த வரம்புகள் அதனைத் தடுக்கின்றன. எனவே அன்ரனாவையே இடம்பெயர்க்கும் வழியை அறிஞர் ஆராய்கின்றனர். தூரம் பாதியாயின் பெறும் வலு நான்கு மடங்காகும். மேற்கூறிய மீடிறனில் அலைநீளம் 12.5 சதமமீற்றர். எதிரெதிர் செல்லும் அலைகள் கூடுமிடத்து, அழிவிடத்துக்கும் வலுவிடத்துக்கும் இடைத்தூரம் அதன் காற்பங்காகிய மூன்று சதமமீற்றரளவே. ஆகவே சிற்றசைவும் பெரும்பயன் தரலாம். கூரையில் நீண்ட அலைவழிகாட்டியொன்றை அமைத்து, வேண்டுமிடத்தில் மின்கடத்தாத் துண்டொன்றைக் கவ்வச்செய்து, அங்கிருந்தே அலையை வெளிவிடும் முறையும் உண்டு.

எனினும் நகர்த்தும் பொறிக்கும் ஆற்றல் வேண்டும்; அச்செலவு வரவினும் மிகலாகாது. ஒரு கருவிக்கு உகந்த இடம் மற்றொன்றைப் பட்டினியிடவுங் கூடும். அருகிலுள்ளவற்றையே ஊட்டின் மொத்த வரவு பெருகும். ஆனால் தீயை முதலிற் காணும் கருவி கடைக்கோடியில் இருப்பின், அதன் மௌனம் அனைவர்க்கும் கேடாம். ஆதலின் இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டு, மிகக் குறைவாகப் பெறும் கருவிக்கும் போதியது கிட்டச் செய்தலே இத்துறையின் அருஞ்செயலாகும்.