உஷார்! நீங்கள் திறக்கும் ஃபைலுக்கு ஓனர் யார்?

உங்கள் கூகுள் டிரைவில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? கடையின் ஆர்டர் கணக்கு, சீட்டுக் கணக்கு, குழுவின் வரவு செலவு, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன். தொட்டால் திறக்கிறது. எழுதலாம், திருத்தலாம். அதனால் எல்லாம் உங்களுடையது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள்.

அந்த நிம்மதிதான் ஆபத்து!

திறக்க முடிவது வேறு, சொந்தமாக இருப்பது வேறு. வீட்டுச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கலாம். பத்திரம் யார் பெயரில்? தனிப்பட்ட கணக்குகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே ஒரு ஓனர்தான். யார் உருவாக்கினாரோ, யார் ஏற்றினாரோ, அவர்தான். அவர் அதை அடியோடு அழித்தால் உங்களிடமிருந்தும் போய்விடும். உங்களிடம் யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள்.

மதுரைப் பக்கம் பிளவுஸ் தைத்து, ஆரி வேலையும் செய்து கொடுக்கும் ஒரு பெண். பெயர் வேண்டாம். கடைக்கென்று தன் ஐடியில் ஒரு ஃபோல்டர் போட்டு, உதவிக்கு வந்த பெண்ணுக்கு ஷேர் செய்திருந்தார். அந்தப் பெண் நல்ல கெட்டிக்காரி. வாடிக்கையாளர்களின் அளவுகள், வாங்கிய அட்வான்ஸ், பாக்கி, கொடுக்க வேண்டிய தேதி எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் அழகாகப் போட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த ஷீட்டை உருவாக்கியது அவருடைய சொந்த ஐடியில்.

அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனார். இனிப்பு கொடுத்து, அழுது, அனுப்பி வைத்தார்கள். யார் மனதிலும் கல்மிஷம் இல்லை. சில மாதம் கழித்து அவருடைய போனில் ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று ஓயாமல் எச்சரிக்கை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம். தம்பி உட்கார்ந்து பழையதையெல்லாம் அழித்துக் கொடுத்தான். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்பதால் அதையும் காலி செய்தான்.

இங்கே கடையில், தீபாவளி நெருக்கத்தில், ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே ஷீட் இல்லை!

அதன் பிறகு அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமா? “ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்தேனேக்கா” என்று ஒருவர். “பாக்கி எல்லாம் போன மாசமே தீர்த்தாச்சு” என்று இன்னொருவர். யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு வரி எழுத்துகூடக் கையில் இல்லை. இல்லை என்று சொன்னால் கடையின் பெயர் கெடும். சரி என்றால் பணம் போகும். கல்யாண ஆர்டர்களுக்கு மறுபடி அளவெடுக்க வீடு வீடாக அலைந்தார். கூகுளிடம் மீட்டுத் தரக் கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் திருட்டு இல்லை, துரோகமும் இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். நல்லவர்களிடமிருந்தே இந்த இழப்பு வரும்.

ஃபோல்டர் உங்களுடையது என்பதால் உள்ளே இருப்பதும் உங்களுடையது ஆகிவிடாது. இதைத்தான் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். உங்கள் ஃபோல்டருக்குள் அடுத்தவர் கொண்டுவந்து போட்ட ஃபைல் அவருடையதாகவே இருக்கும். ஃபோல்டரின் உரிமையை மாற்றி வாங்கினாலும் உள்ளே உள்ள ஃபைல்களின் உரிமை தானாகக் கூடவே வராது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

இப்போதே கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து, தேடும் பெட்டியின் பக்கத்தில் உள்ள அடையாளத்தைச் சொடுக்குங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ‘எனக்குச் சொந்தமில்லாதவை’ என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். வரும் பட்டியலைப் பார்த்துக் கொஞ்சம் ஆடித்தான் போவீர்கள்.

அந்தப் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருக்கிறதா? முதல் அபாயம் அதுதான். அவர் உங்களோடு மனஸ்தாபத்தில் போயிருந்தால் இன்னும் அவசரம்.

கல்லூரி ஐடி இருக்கிறதா? கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனியுங்கள். படிப்பு முடிந்ததும் அந்த ஐடியை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கல்வி நிறுவனங்களுக்கு முன்பு அளவில்லாமல் கிடைத்த இடத்தை, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி என்று கூகுள் 2022-இல் வரையறுத்தது. இடம் நெருக்கினால் எந்தக் கல்லூரியும் முதலில் பார்ப்பது படித்து முடித்துப் போனவர்களின் கணக்கைத்தான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வுக் குறிப்பு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதில்தானே கிடக்கிறது? கல்லூரி ஐடியிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு உரிமையை மாற்ற முடியாது. நகல் எடுக்க வேண்டும், அல்லது கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ள வேண்டும். கணக்கு உயிரோடு இருக்கும்போது செய்தால்தான் உண்டு!

யாருமே திறக்காத ஐடி ஒன்று இருக்கும். சங்கத்துக்கென்று என்றோ தொடங்கியது, அல்லது காலமாகிவிட்ட அப்பாவுடையது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கணக்கோடு அதிலுள்ள படமும் பத்திரமும் சேர்ந்தே போகும்.

நேற்று வரை திருத்த முடிந்த ஷீட்டில் திடீரென்று எழுத முடியவில்லையா? ஓனரின் இடம் நிரம்பியிருக்கலாம். அவருடைய அளவு மீறினால், அந்த ஃபைல்களை யாராலும் திருத்தவோ நகலெடுக்கவோ முடியாமல் போகும். இரண்டு ஆண்டுகள் அப்படியே மீறிக் கிடந்தால் உள்ளதை அழிக்கவும் கூகுளுக்கு உரிமை உண்டு. எனவே ‘எழுத முடியவில்லையே’ என்று சும்மா விட்டுவிடாதீர்கள். ஓனருக்கு உடனே போன் செய்யுங்கள்.

சிறிய அலுவலகம் நடத்துபவர்கள் கட்டண ஐடி வாங்கியிருப்பீர்கள். ஊழியர் போனதும், மாதக் கட்டணம் மிச்சம் என்று அவர் ஐடியை நீக்கிவிடுவீர்கள். நிறுத்துங்கள்! நீக்கும்போதே அவருடைய டிரைவ் ஃபைல்களை வேறொருவருக்கு மாற்றும் வசதி அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டால், நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். உங்கள் திட்டத்தில் ‘பகிர்ந்த டிரைவ்’ வசதி இருந்தால் முக்கியமானதையெல்லாம் அதில் வையுங்கள். அங்கே ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் ஃபைல் இருக்கும். கொஞ்சம் செலவு கூடுதலானாலும் அதுதான் சரி என்பேன்.

நீங்களே ஓனராக இருந்தாலும் ஜாக்கிரதை வேண்டும். எடிட் உரிமை பெற்றவர், நீங்கள் தடுக்காவிட்டால், மற்றவர்களுக்கும் ஷேர் செய்யலாம். ஷேர் பெட்டியின் அமைப்புகளில் அதை நிறுத்தி வையுங்கள். ‘லிங்க் உள்ள எவரும்’ என்ற அனுமதியோடு ஆதார் நகலையும் பேங்க் பாஸ்புக்கையும் வாட்ஸ்அப் குரூப்பில் விட்டவர்கள் இன்றே மூடிவிடுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று, மனம் பொறுக்காமல் சொல்கிறேன். நீங்கள் அழிக்கும் ஃபைலும் யாரோ ஒருவருடைய பிழைப்பாக இருக்கலாம். அழிப்பதற்கு முன் அது யார் யாருக்கு ஷேர் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்கு ஒரு மெசேஜாவது போடுங்கள். தவறி அழித்துவிட்டால் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் எடுத்துவிடலாம்.

உங்கள் காலத்துக்குப் பிறகு என்ன என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்று ஒன்று உண்டு. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு கெடு வைத்து, அதுவரை நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் உங்கள் தகவல்கள் யாருக்குப் போக வேண்டும் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். ஒருவரையாவது போட்டு வையுங்கள்.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருவோம். அடுத்தவர் பெயரில் இருக்கும் முக்கியமான ஃபைலை முதலில் நகல் எடுங்கள். நகலுக்கு நீங்கள்தான் ஓனர். ஆனால் பழைய திருத்தங்களின் வரலாறு அதில் வராது. ஆகவே, அவரிடம் பேசி, உரிமையையே மாற்றி வாங்குவதுதான் நல்லது. அவர் ஷேர் பெட்டியைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே ‘உரிமையை மாற்று’ என்று கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஓர் அழைப்பு மெயில் வரும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்! அந்த அழைப்பை நீங்கள் ஏற்கும்வரை பழையவரே ஓனர். ஏற்றதும், உரிமையாளர் பத்தியில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு முடித்துச் சம்பளம் கொடுக்கும் நாளில், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே இதைச் செய்துவிடுங்கள்.