விளம்பரத்தின் தடம்

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்தில் பலவகைக் கொடிகள் பறந்தன என்று பட்டினப்பாலை கூறும். கள் விற்போர் ஏற்றிய கொடியும் அவற்றுள் ஒன்று. இன்ன பொருள் இங்கே கிடைக்கும் என்று தொலைவில் வருவோர்க்கு அறிவிப்பதே அக்கொடியின் தொழில். ஆனால், கொடியைக் கண்டு வந்தவர் எத்தனை பேர், கொடியின்றியும் வரக்கூடியவர் எத்தனை பேர் என்பதை வணிகர் அறிய வழியில்லை. பின்னாளில் சுவரொட்டி வந்தது, துண்டறிக்கை வந்தது, செய்தித்தாள் விளம்பரமும் வந்தது. அந்த ஐயம் மட்டும் தீரவில்லை.

அதனைத் தீர்க்க முயன்றோருள் கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் அமெரிக்க விளம்பர அறிஞர் குறிப்பிடத்தக்கவர். விளம்பரத்தின் ஓரத்தில், வெட்டி அனுப்பத்தக்க ஒரு சீட்டை அச்சிட்டு, இதழுக்கு இதழ் வெவ்வேறு அடையாளம் இடுவது அக்காலத்து முறை. திரும்பி வந்த சீட்டுகளை எண்ணினால், எந்த இதழில் செலவிட்ட பணம் பயன் தந்தது என்பது புலப்படும். இம்முறையின் சிறப்பை அவர் 1923ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். அச்சீட்டின் வேலையை இன்று கறுப்பும் வெள்ளையுமான ஒரு சிறு சதுரம் செய்கிறது.

கியூ.ஆர். எனப்படும் விரைவுத் துலங்கல் குறியீடே அச்சதுரம். 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் அதனைக் காணாத மாணவர் இரார். அது பிறந்தது ஜப்பானில். மோட்டார் உறுப்புகள் நிறைந்த பெட்டிகளில் பழைய பட்டைக் குறியீடுகள் பல ஒட்டப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் தொழிலாளர் சலித்துப் போயினர். அக்குறையைப் போக்க, டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹரா தம் குழுவினருடன் 1994ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். ‘கோ’ என்னும் ஆட்டப் பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்கள் அமர்ந்திருந்த காட்சி அவருக்கு வழிகாட்டியது என்பர். மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள், குறியீடு எப்பக்கம் திரும்பியிருந்தாலும் கருவிக்குத் திசை காட்டுகின்றன. மிக உயர்ந்த திருத்த அளவில் அச்சிட்டால், ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் அதனைப் படித்துவிடலாம். சந்தை வெளியில் மழையும் புழுதியும் படும் சுவரொட்டிக்கு இது பெருந்துணை.

இனி, ஆம்பூருக்கு வருவோம். பாலாற்றங்கரையில் உள்ள அவ்வூரும், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியனவும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிடுவது அப்பகுதியின் பழைய வழக்கம். இன்று காலணி செய்வதும் அங்கே பெருந்தொழில். அங்குள்ள சிறு காலணி வணிகர் ஒருவர் இணையத்தில் கடை திறந்திருப்பதாகக் கொள்வோம். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும். அங்கு வருவோர்க்கு அவர் 1,000 துண்டறிக்கைகள் வழங்குகிறார். செலவு 600 ரூபாய். தம் கடையில் விற்கும் காலணிப் பெட்டிகளுக்குள் 100 சீட்டுகளையும் இடுகிறார். செலவு 100 ரூபாய். இரண்டிலும் உள்ள சதுரங்கள் ஒரே இணையக் கடைக்கே இட்டுச் செல்வன. ஆனால் முகவரியின் இறுதியில் ஒரு வால் சேர்க்கப்பட்டிருக்கிறது: ஒன்றில் ‘ஒடுகத்தூர்ச் சந்தை’ என்றும், மற்றொன்றில் ‘பெட்டிச் சீட்டு’ என்றும் பொருள்படும் சொற்கள். அந்த வாலால் கடைப் பக்கம் மாறுவதில்லை. கைப்பேசி அப்பக்கத்தைக் கேட்கும்போது வாலும் உடன் வருவதால், கடையின் கணிப்பொறி அதனைப் பதிந்துகொள்கிறது. சதுரம் தானாக எதையும் எண்ணுவதில்லை, எண்ணுவது கணிப்பொறியே. வாலை எழுதும் முறைகளுள் பெருவழக்காக உள்ளது யூ.டி.எம். என்பது. அர்ச்சின் என்னும் நிறுவனத்தில் தோன்றிய அம்முறை, 2005ஆம் ஆண்டில் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கிய பின் உலகெங்கும் பரவியது.

ஒரு திங்கள் கழித்து வணிகர் கணக்கைப் பார்க்கிறார். சந்தை அறிக்கை வழியே 40 வருகைகள், வாங்கியவர் இருவர். பெட்டிச் சீட்டு வழியே 12 வருகைகள், வாங்கியவர் ஐவர். ஒரு வாடிக்கையாளரைப் பெற முன்னதில் 300 ரூபாயும் பின்னதில் 20 ரூபாயும் செலவாயின. சந்தைக்குச் செல்வது வீண் என்று அவர் முடிவு செய்யலாமா? அவசரம் கூடாது. பெட்டிச் சீட்டைப் படித்தவர் முன்பே அவரிடம் காலணி வாங்கியவர். சீட்டு இல்லாவிடினும் மறுமுறை வந்திருக்கக்கூடும். சந்தையில் வந்த இருவரோ அவர் பெயரையே அறியாதிருந்தவராகலாம். எந்த வழியே வந்தார் என்பதைச் சதுரம் கூறும். அவ்வழி இல்லாவிடில் வந்திருப்பாரா என்பதை அது கூறாது. அதனை அறிய, சில பெட்டிகளில் சீட்டு இட்டும், சிலவற்றில் இடாமலும் விற்று, இரு திறத்தாருள்ளும் மீண்டும் வந்தவரை ஒப்பிட வேண்டும். பலர் இவ்வுழைப்பை மேற்கொள்வதில்லை. எண்ணிக்கை கண்முன் இருப்பதே போதும் என்று மகிழ்ந்துவிடுகின்றனர்.

வேறு சில பிழைகளும் நேரும். ஒருவரே மூன்று முறை திறந்தால் மூன்று வருகைகளாக ஏறும். துண்டறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்பினால், சென்னையில் திறந்தவரும் ஒடுகத்தூர்ச் சந்தையார் ஆகிவிடுவார். அச்சிட்ட சதுரத்தைப் பின்னர்த் திருத்த இயலாது. ஆகவே சிலர் இடையில் ஒரு குறு முகவரியை வைத்து, அது சென்று சேரும் இடத்தை வேண்டியபோது மாற்றிக்கொள்கின்றனர். அக்குறு முகவரியைத் தரும் நிறுவனம் பணியை நிறுத்தினால், ஒட்டிய சுவரொட்டிகள் அத்தனையும் ஊமையாகும்.

வாங்குவோர் அறியவேண்டுவதும் உண்டு. சதுரத்தில் எழுதியிருப்பதை மனிதக் கண் படிக்காது. உண்மைக் குறியின்மேல் வேறொன்றை ஒட்டிப் பணம் பறித்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் நடந்துள்ளன. ஆதலால், திறக்குமுன் கைப்பேசி காட்டும் முகவரியைப் படித்துப் பார்ப்பது நன்று. இத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கை ஒன்று. இன்னார் வந்தார் என்பது வேறொன்று. பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்கும் கடைக்குப் பொறுப்பு மிகுதி. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய தரவுகளைப் பொதுவாக உரியவர் இசைவுடனேயே கையாள வேண்டும் என்கிறது.

சந்தையில் அறிக்கையைப் பெற்று, சதுரத்தைத் தொடாமலே, அடுத்த வாரம் பேருந்து ஏறி ஆம்பூர்க் கடைக்கு நேரில் வருவோரும் உண்டு. அவர் கணிப்பொறியின் ஏட்டில் இடம்பெறுவதில்லை. ‘எதைக் கண்டு வந்தீர்கள், ஐயா?’ என்று கடைக்காரர் கேட்டுக் குறித்துவைத்தால்தான் அவரும் கணக்கில் ஏறுவார்.