வெடிச் சத்தமும் எட்டு மெய்ப்பாடும்

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளுக்குக் கல் எடுக்கும் சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதும். அது எதற்கென்று தெரியாத வெளியூர்க்காரருக்கு வெடிச் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப்போடும். பக்கத்தில் டீ குடிக்கும் உள்ளூர்க்காரர் கிளாஸைக் கூடக் கீழே வைக்கமாட்டார். “சுரங்கத்துல வெடிங்க” என்பதோடு சரி. சத்தம் ஒன்றுதான், பயம் மட்டும் ஏன் ஒருவருக்கு?

பயந்ததால் நடுங்கவில்லை, நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்றார் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1884-இல். டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் மறு ஆண்டே ஏறக்குறைய அதைச் சொன்னார். உடலியலாளர் வால்டர் கேனன் 1927-இல் மறுத்தார். கோபத்திலும் நெஞ்சு படபடக்கிறது, பயத்திலும் படபடக்கிறது, காய்ச்சலிலும்தான். எதை வைத்துப் பிரித்தறிவது? படபடப்பைக் கிளப்பும் பரிவு நரம்புகளை அகற்றிய பிறகும் பூனைகள் நாயைக் கண்டு சீறத்தான் செய்தன.

1962-இல் உளவியலாளர்கள் ஷாக்டரும் சிங்கரும் கொஞ்சம் குறும்பான சோதனை ஒன்று செய்தார்கள். வைட்டமின் என்று சொல்லி மாணவர்களுக்கு அட்ரினலின் ஊசி போட்டார்கள். படபடப்பு வரும், கை நடுங்கும் என்று சிலரிடம் சொன்னார்கள். சிலரிடம் மூச்சு விடவில்லை. பிறகு நடிக்க வந்த ஓர் ஆளோடு உட்காரவைத்தார்கள். அந்த ஆள் சிலர் முன்னால் காகித விமானம் விட்டுக் கும்மாளமடித்தார். வேறு சிலர் முன்னால் கேள்வித்தாளைப் பார்த்து எரிந்து விழுந்தார். படபடப்புக்குக் காரணம் தெரியாதவர்களையே அவருடைய மனநிலை கூடுதலாகத் தொற்றியது. பின்னால் செய்த மறுசோதனைகளில் முடிவு இவ்வளவு சுத்தமாக வரவில்லை. ஆனாலும், உடம்பு கிளர்வது பாதிதான், அதற்கு நாம் கற்பிக்கும் காரணம் மறுபாதி என்ற கருத்து நிலைத்துவிட்டது. டீ குடித்த உள்ளூர்க்காரர் கணக்கும் அதுவே.

காரணத்தைப் பட்டியலே போட்டவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகள். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு வழி. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், ஆள்பவர். (கடைசிக் காரணம் இன்றும் காலாவதியாகவில்லை.) அழுகைக்கு இழப்போடு வறுமையும் உண்டு. இது செய்யுளுக்கான இலக்கணம். ஆய்வுக்கூட முடிவு என்று மார்தட்டுவது அபத்தம். ஆனால் உணர்ச்சியை உடம்பில் கண்டு, அதன் காரணத்தை ஊர் உலகத்தில் தேடுகிற பார்வை கூர்மையானது.

முகங்களின் கதைக்கு வருவோம். 1960-களின் கடைசியில் உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி, கோபம், அருவருப்பு, பயம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு ஆகிய ஆறும் எல்லா மனிதருக்கும் பொது என்றார். முகபாவம் அப்படி ஒரே அச்சாக வருவதில்லை என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்றோர் இன்றும் வாதாடுகிறார்கள். தொல்காப்பியர் எட்டில் இந்த ஆறுக்கு ஏறக்குறைய இணை உண்டு. மிஞ்சுபவை நகையும் பெருமிதமும். 1999-இல் எக்மன் தம் பட்டியலை நீட்டினார். புதிதாகச் சேர்த்தவற்றில் இந்த இரண்டுக்கும் இடம் கிடைத்தது.