அவையில் எழுந்த தடை

புதிதாக நூலியற்றிய ஒருவர் அதனைக் கற்றோர் அவையிற் படித்துப் பொருளுரைத்து, ஆங்கு எழுந்த தடைகளுக்கு விடை கூறிய பின்னரே உலகிற்கு அளித்தல் பண்டைத் தமிழ் மரபு. அரங்கேற்றம் எனப்பட்டது இதுவே. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியமையைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் அறிவிக்கின்றது. இக்காலத்தில் அரங்கேற்றம் என்னுஞ் சொல் பாராட்டு விழாவையே நினைவூட்டும். அக்காலத்திலோ அது நூலுக்கு நேர்ந்த சோதனையாகும்.

அச்சோதனையின் இயல்பைக் கந்தபுராண அரங்கேற்றம் பற்றி வழங்கும் வரலாறு நன்கு விளக்குகின்றது. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் அருச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியர் நாடோறும் பாடிய செய்யுட்களை இரவிலே சந்நிதியில் வைப்பார் என்றும், முருகப்பெருமானே அவற்றைத் திருத்தியருளுவார் என்றும் கூறுவர். அத்தகைய நூலும் அவையின் தடைக்குத் தப்பவில்லை. காப்புச் செய்யுளின் தொடக்கத்திலேயே ஒரு புலவர் எழுந்து, திகழ், தசக்கரம் என்பன புணர்ந்து 'திகடசக்கரம்' என நிற்றற்கு விதி யாது என வினவினார். அஃது இறைவன் எடுத்துக்கொடுத்த அடி என்ற விடையை அவை ஏற்றிலது. இலக்கண விதியையே வேண்டிற்று. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்தில் அவ்விதி இருத்தலைக் காட்டத் தடை நீங்கிற்று. வந்தவர் முருகப்பெருமானே என்பர்.

இங்குக் கருதத்தக்கன இரண்டு. தடை ஒரு புணர்ச்சியைப் பற்றியதேயன்றிப் புலவரின் பத்தியையோ புலமையையோ பற்றியதன்று. விடையும் சினத்தாலோ பெருமையாலோ அன்றி நூலாதாரத்தால் வந்தது. அந்நூலோ பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றியது. 1881ஆம் ஆண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அதனைப் பதிப்பித்தார். சைவ புராணத்துக்குப் பௌத்தர் நூல் சான்றாயிற்று. சரியான விடை எங்கிருந்து வரினும் ஏற்கும் மனமே தடையைப் பயனுடையதாக்குகின்றது.

படைத்தவன் தன் படைப்பையும் தன்னையும் ஒன்றாகவே எண்ணுவதால், படைப்பின்மேற் கூறிய குறை தன்மேற் கூறியதாகத் தோன்றி மனத்தைச் சுடுகின்றது. அதனை ஆற்றும் வழி குறையின் பெயரைக் கேட்டறிதலாகும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலாக நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை நன்னூல் பெயரிட்டு வகுத்துள்ளது. 'நன்றாயில்லை' என்பது புண்படுத்துவதோடு ஒழியும். 'மூன்றாம் பத்தி முதற்பத்தியில் கூறியதையே கூறுகின்றது' என்பது திருத்துவதற்கு இடங்காட்டும். 'மிக நன்று' என்னும் புகழுரையோ எழுதியவனுக்கு யாதொரு வேலையையும் வைப்பதில்லை.

அச்சு வந்தபின் அரங்கேற்றம் அருகியது. நூலின் முகப்பில் சாற்றுகவிகள் நின்றன. தடைகள் நூல் வெளிவந்தபின் கண்டனங்களாக எழுந்தன. ஏட்டில் எளிதாகத் திருத்தத்தக்க பிழை அச்சிலேறியபின் மானப் பிரச்சினையாயிற்று. ஆதலின் கட்டுரையோ கவிதையோ எழுதும் மாணவர், அஃது அச்சுக்குச் செல்லுமுன் புகழ்வாரிடமன்றித் தடை கூறுவாரிடமே காட்டுதல் வேண்டும். கேட்டவுடன் மறுமொழி கூறாது ஓரிரவு பொறுத்தலும் நன்று. சிவாசாரியருக்கும் விடை மறுநாளே கிடைத்தது.