உஷார்! பனிக்காலத்தில் மோட்டார்ஹோமில் மலை ஏறப்போகிறீர்களா?

டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், ஆல்ப்ஸில் பனி காட்ட வேண்டும், ஓட்டல் செலவும் மிச்சம் என்று சூரிச், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது மோட்டார்ஹோம் வாடகைக்குப் பேசியிருந்தால், சாவியை வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

கோடையில் போன வழி குளிர்காலத்தில் இருக்காது. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன், கோட்ஹார்ட் கணவாய்ச் சாலைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். திறக்க மே ஆகலாம், ஜூனும் ஆகலாம். கோட்ஹார்டுக்கு அடியில் 1980-ல் திறந்த 17 கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்கிறது. ஆஸ்திரியா வழியாக வந்தால் 1,370 மீட்டர் உயரத்தில் பிரென்னர் நெடுஞ்சாலை. இவை இருக்கும்போது, யூலியர் கணவாய் திறந்திருக்கிறதாம், காட்சி அருமையாம் என்று 2,284 மீட்டர் ஏறுவது வேண்டாத வேலை. அங்கே தினமும் ஓட்டுகிறவருக்கு அது சாதாரணம். மூன்றரை டன் வண்டியை முதல்முறை கையில் பிடிப்பவருக்கு அல்ல.

ஐரோப்பாவில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ போன்ற, முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள், பனிச்சறுக்குச் சாமான், அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான் போகும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். முன்சக்கரம் பிடி இல்லாமல் சும்மா சுற்றும். ஏற முடியாமல் நின்றுபோனால் அதைக்கூட அதிர்ஷ்டம் என்பேன். இறக்கம்தான் ஆளைக் கொல்லும். முன்சக்கரத்தில் மட்டும் பனிச்சங்கிலி மாட்டி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்தினால், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வண்டியின் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்க வேண்டும். சுரங்க வாயில்களிலும் கவனம்: உள்ளே ஈரமான தார், வெளியே வந்த நொடியில் கண்ணாடிபோல் பனிக்கட்டி.

சங்கிலி பெட்டியில் கிடந்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவும் பெட்டியில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வண்டி எடுக்கும் இடத்திலேயே, காய்ந்த தரையில், ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். விரல் விறைத்துப்போன இருட்டில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல அது. நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் படம் தெரிந்தால், அங்கிருந்து சங்கிலி கட்டாயம். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்ட முடியாது. பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அது குளிர்கால டயராகக் கணக்கில் வராது.

காலையில் கிளம்புமுன் கூரையைத் துடைக்க ஏணி வேண்டும். மேலே உறைந்த பனிக்கட்டிப் பலகை நெடுஞ்சாலையில் பெயர்ந்து பின்னால் வரும் காரின் கண்ணாடியில் விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

இனி இரவு. சிலிண்டரில் பியூட்டேன் இருந்தால் வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கும்போதே கேஸ் வருவது நின்றுபோகும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்; அதைத்தான் கேட்டு வாங்குங்கள். இதை அறியாதவர் வண்டியில் நடுராத்திரி ஹீட்டர் அணையும். குளிர் தாங்காமல் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைப்பார்கள், மிச்சமிருக்கும் கேஸில் அடுப்பைப் பற்றவைத்துச் சுற்றி உட்காருவார்கள். இரண்டும் கூடவே கூடாது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் புகைபோக்கியைப் பனி மூடியிருக்கிறதா என்று படுக்குமுன் வெளியே போய்ப் பாருங்கள். அடைபட்டால் உள்ளே சேரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வண்டியில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று வாடகைக்காரரிடம் கேட்டு அழுத்திப் பாருங்கள். ராத்திரியில் ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்குக் குமட்டல், எழுப்பினால் பிள்ளை எழவில்லை என்றால் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள்.