வெல்லமும் காலணியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெல்ல ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வரத்து குறைந்தால் விலை ஏறும். அந்த ஏற்றம் வெல்லம் காய்ச்சிய விவசாயிக்குச் சேரும்.

குறைந்த எண்ணிக்கையில் வெளியாகும் விளையாட்டுக் காலணிகளின் கதை வேறு. 1985-இல் 65 டாலருக்கு விற்பனைக்கு வந்த ‘ஏர் ஜோர்டான்’ வரிசையை எடுத்துக்கொள்வோம். இதன் அரிய வகைகளுக்கும் நிறுவனம் ஒரு விலையை முன்பே நிர்ணயித்து விடுகிறது. ஜோடிகள் 1,000, கேட்போர் 10,000 என்று கொண்டால், 9,000 பேருக்கு ஏமாற்றந்தானே! அவர்களுள் சிலர் கூடுதல் விலை தரவும் தயார். இதையறிந்த இடைத்தரகர்கள், கணிப்பொறி நிரல்களைக் கொண்டு நொடிகளில் வாங்கிக் குவித்து, பன்மடங்கு விலைக்கு விற்கின்றனர். தைத்த தொழிலாளிக்கு அதில் பங்கில்லை.

குலுக்கல் நடத்தினால்? சீட்டு விழுந்தவரும் மறுநாளே விற்கலாமே! ரப்பரும் தோலும் அதேதான். விலையை ஏற்றியது தட்டுப்பாடு. வாங்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.