பிளாக்செயினில் 'கேஸ்' கட்டணம்: யாருக்கு? எதற்கு?

(இறுதியாண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



பிட்காயின், பிளாக்செயின் என்ற சொற்கள் இன்று டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தாச்சு. ஆனால் "அதுல ஒரு தடவை பணம் அனுப்பினா எவ்வளவு பிடிப்பாங்க? எதுக்குப் பிடிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரும் முழிப்பார், சொல்ல வந்தவரும் முழிப்பார்! எத்திரியம் என்ற பிளாக்செயினை உதாரணமாக வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்போம். காயின் வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கணக்குப் புரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எத்திரியம் என்றால் என்ன?

இதற்கான திட்டத்தை 2013-ஆம் ஆண்டில் எழுதியவர் விட்டாலிக் புட்டரின். அப்போது அவருக்கு வயது 19. நம்மைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! 2015 ஜூலை 30 அன்று எத்திரியம் இயங்கத் தொடங்கியது.

வங்கியின் கணக்குப் புத்தகம் வங்கியிடம் மட்டும்தான் இருக்கும். எத்திரியத்தில் அதே புத்தகம் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. நாம் ஒரு பரிவர்த்தனை செய்தால், ஒரு கம்ப்யூட்டர் சொன்னதை மற்றது அப்படியே நம்பிவிடாது. ஒவ்வொன்றும் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். பணம் அனுப்புவது மட்டுமல்ல, ஸ்மார்ட் காண்ட்ராக்ட் எனப்படும் புரோகிராம்களையும் அதில் ஓட்டலாம்.

அப்படின்னா, நாம் ஒரு பட்டனை அழுத்தினால் எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டரின் உழைப்பு, சேமிப்பு இடம், இணைப்பு எல்லாம் செலவாகிறது. இந்தச் செலவை அளக்கும் அலகுக்குத்தான் 'கேஸ்' என்று பெயர். அடுப்புக்கு வரும் சிலிண்டர் கேஸ் இல்லீங்க!

யூனிட் வேறு, ரேட் வேறு

நம் துறை மாணவர்களுக்கு இது சுலபம். மின்சார மீட்டரில் ஓடிய யூனிட் ஒன்று, யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் பில். இங்கேயும் அதே கதைதான்.

ஒருவருக்கு ஈத்தர் அனுப்பும் சாதாரணப் பரிவர்த்தனைக்கு 21,000 கேஸ். ரேட் 'குவெய்' என்ற சில்லறையில் சொல்லப்படும். 100 கோடி குவெய் சேர்ந்தால் ஒரு ஈத்தர். ரேட் 22 குவெய் என்று வைத்துக்கொள்வோம். 21,000 × 22 = 4,62,000 குவெய். அதாவது 0.000462 ஈத்தர். அவ்வளவுதான் கணக்கு!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் எவ்வளவு பணம் அனுப்புகிறோம் என்ற கேள்வியே வரவில்லை. நூறு ரூபாய் மதிப்புக்கு அனுப்பினாலும் அதே 21,000, ஒரு கோடி ரூபாய் மதிப்புக்கு அனுப்பினாலும் அதே 21,000. கம்ப்யூட்டருக்கு வேலை ஒன்றுதானே! கோடீசுவரனுக்கு இது கொசுக்கடி. சின்னத் தொகை அனுப்புகிறவனுக்குச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எந்த வேலைக்கு எவ்வளவு?

புரோகிராமில் இரண்டு எண்களைக் கூட்ட 3 கேஸ். பெருக்க 5 கேஸ். ஆனால் ஒரு புதிய தகவலைக் கணக்கில் நிரந்தரமாக எழுதி வைக்க 20,000 கேஸுக்கு மேல்! ஏன் இந்த வித்தியாசம்? கூட்டல் ஒரு நொடியில் முடிந்து போகும். எழுதி வைத்ததையோ அத்தனை கம்ப்யூட்டரும் சுமந்துகொண்டே இருக்க வேண்டும்.

கட்டணமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? நாம் சி புரோகிராம் எழுதும்போது லூப் முடியாமல் சுற்றினால் நம்ம கம்ப்யூட்டர் ஒன்றுதான் தொங்கும். அங்கே அத்தனையும் தொங்கும். ஒரு புரோகிராம் நிற்குமா, நிற்காதா என்று எல்லாப் புரோகிராம்களுக்கும் முன்கூட்டியே சொல்லும் பொது வழி கிடையாது என்பதை ஆலன் டூரிங் 1936-லேயே நிரூபித்துவிட்டார். ஆகவே எத்திரியம் வேறு வழியில் போனது: கட்டிய கேஸ் தீர்ந்தால் புரோகிராம் நின்றுவிடும்.

விலையைத் தப்பாக வைத்தாலும் ஆபத்துதான். 2016-ல் நடந்தது இது. ஒரு புரோகிராமின் அளவைப் படித்துப் பார்க்கும் கட்டளைக்கு வெறும் 20 கேஸ்தான் வைத்திருந்தார்கள். வேலையோ அதைவிட மிகப் பெரிது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிலர் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு நெட்வொர்க்கையே தவழ வைத்துவிட்டார்கள். அக்டோபரில் அதன் விலை 700 ஆக உயர்த்தப்பட்டது. கட்டணம் என்பது வருமானம் மட்டுமல்ல, வேலியும்கூட என்று அன்று புரிந்தது.

ரேட் ஏன் ஏறி இறங்குகிறது?

தீபாவளிக்கு முதல் நாள் ஆம்னி பஸ் டிக்கெட் விலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சீட் குறைவு, கூட்டம் அதிகம். எத்திரியத்தில் பஸ்ஸுக்குப் பதில் 'பிளாக்'. 2022 செப்டம்பர் முதல் 12 விநாடிக்கு ஒரு பிளாக் கிளம்புகிறது. அப்போது ஒரு பிளாக்கின் உச்ச அளவு 3 கோடி கேஸ். வெறும் சாதாரணப் பரிவர்த்தனைகளை மட்டும் ஏற்றினாலும் சுமார் 1,428-தான் கொள்ளும். 2017 டிசம்பரில் 'கிரிப்டோகிட்டீஸ்' என்ற பூனை விளையாட்டுக்குக் கூட்டம் அலைமோதியதில் நெட்வொர்க் முழுவதும் நெரிசலாகிவிட்டது!

2021 ஆகஸ்ட் 5 முதல் ரேட் இரண்டு பகுதியாக உள்ளது. ஒன்று அடிப்படைக் கட்டணம். இதை நெட்வொர்க்கே நிர்ணயிக்கும். பிளாக் பாதிக்கு மேல் நிரம்பினால் அடுத்த பிளாக்கில் ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம். தொடர்ந்து ஆறு பிளாக் முழுதாக நிரம்பினால், 72 விநாடிக்குள் ரேட் இரட்டிப்பு! இந்தத் தொகை யார் கைக்கும் போவதில்லை, அழிக்கப்படுகிறது. இரண்டாவது பகுதி, "என்னை முதலில் ஏற்று" என்று நாம் கொடுக்கும் முன்னுரிமைத் தொகை. அது பிளாக்கை உருவாக்குபவருக்குப் போகும்.

"பிளாக்கைப் பெரிசாக்கினா பிரச்சினை தீர்ந்ததே?" என்று கேட்கலாம். 2025-ல் உச்ச அளவைக் கூட்டத்தான் செய்தார்கள். ஆனால் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. பிளாக் பெருக்கப் பெருக்க, அதைச் சரிபார்க்கப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். சாதாரண ஆள் வெளியே போய்விடுவார், பணக்காரக் கம்பெனிகள் மட்டுமே மிஞ்சும். அப்புறம் வங்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் பல பரிவர்த்தனைகளை வெளியே செய்து, சுருக்கத்தை மட்டும் எத்திரியத்தில் பதியும் 'ரோல்அப்' முறை வந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சுருக்கத்துக்குத் தனி இடம் ஒதுக்கியதும் ரோல்அப்களில் கட்டணம் வெகுவாகக் குறைந்தது.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்

ஒன்று: புரோகிராம் பாதியில் தோற்றாலும் அதுவரை செலவான கேஸுக்குப் பணம் திரும்பாது. கம்ப்யூட்டர்கள் உழைத்தது உழைத்ததுதானே! உபயோகிக்காத கேஸுக்கு மட்டும் பிடிக்க மாட்டார்கள்.

இரண்டு: அவசரம் இல்லையென்றால் கூட்டம் குறையும்வரை காத்திருப்பதே லாபம்.

மூன்று, இதுதான் முக்கியம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊரில் யார் செல்போனில் என்ன மெசேஜ் வந்தாலும், "நீதான் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்று நீட்டுவார்கள். உங்களில் பலருக்கும் இதே நிலைதான். "உங்க பேர்ல காயின் வந்து நிக்குது, கேஸ் கட்டணம் அனுப்பினா உடனே விடுவிக்கிறோம்" என்று ஒருவன் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? எத்திரியத்தில் கட்டணம் அனுப்புகிறவர் கணக்கிலிருந்து, பரிவர்த்தனையோடு சேர்ந்தே கழியும். வாங்கிக்கொள்ளுகிறவர் அதற்காக யாருக்கும் தனியாகப் பணம் அனுப்பத் தேவையில்லை. ஆக, அவன் கேட்பது கேஸ் கட்டணம் அல்ல, நம்ம வீட்டுக் காசு! ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

நம்மை நம்பிப் போனை நீட்டுகிற அந்தக் கைகளுக்குச் சரியான பதில் சொல்வதும் படிப்பின் பயன்தான் நண்பர்களே!